எதிர்பாராத விதமாக

நம் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு சொற்றொடர் உண்டு. வாரம் ஒருமுறையாவது கண்ணில் படும். "எதிர்பாராத விதமாகப் பாறை சரிந்தது." "எதிர்பாராத விதமாகச் சாரம் முறிந்தது." "எதிர்பாராத விதமாக விஷவாயு தாக்கியது." பத்திரிகைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அங்கேயும் இதே சொற்றொடர்தான். விபத்து அறிக்கை என்றால் இரண்டாவது வரியிலேயே "எதிர்பாராத விதமாக" வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு ஓய்வு கொடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இந்தச் சொற்றொடருக்கும் ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வருவது. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் எதிர்பார்த்தவைதான். அவர் பெரும்பாலும் அங்கே கூலிக்கு நிற்கிறவர். அவர் சொல்லைக் கேட்க ஆள் இல்லை. கேட்டாலும், அந்தச் சொல்லுக்கு வேலையை நிறுத்தும் பலம் இல்லை.

நம் மாவட்டத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அடைமிதிப்பான்குளம் கல்குவாரியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 மே 14ஆம் தேதி இரவு. சுமார் 300 அடி ஆழக் குழிக்குள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலிருந்து பாறை சரிந்து விழுந்தது. ஆறு பேர் சிக்கினார்கள். தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. மீட்க இறங்கினால் மறுபடியும் கல் உருண்டது. கடைசி உடலை வெளியே எடுக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. பிழைத்தவர் இருவர். இறந்தவர் நால்வர். அந்த வாரம் பாளையங்கோட்டை டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

அந்த ஒரு குவாரியில் யார் தவறு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. 300 அடி ஆழம் ஒரே இரவில் வருவதில்லை. வருடக்கணக்காக வெட்டி, லாரி லாரியாகக் கல் போய், அப்புறம்தான் வரும். அத்தனை காலமும் அந்தக் குழி எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. 1961ஆம் வருடத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் என்று ஒன்று உண்டு. கல்குவாரிக்கும் அதுதான். கெட்டிப் பாறையில் திறந்தவெளியாக வெட்டும்போது பக்கச் சுவரை நட்டமாக விடக் கூடாது. படிக்கட்டுபோல் படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழியின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல்லோ மரமோ இருக்கக் கூடாது. 300 அடி என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். ஆறால் வகுத்துப் பாருங்கள், பதினைந்து படி. மேலிருந்து ஒரு கல் உருண்டால் அடுத்த படியில் தங்கிவிடும். அடியில் நிற்பவன் தலைக்கு வராது. படிகளை எண்ணப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கரையில் நின்று பார்க்கும் ஆடு மேய்க்கிற பையன் எண்ணிச் சொல்லிவிடுவான்.

குவாரியில் வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். சட்டத்தில் இல்லாதது எல்லாம் சொல்வார்கள். பெரிய கல் விழுவதற்கு முன்னால் பொடிக்கல் உதிரும். மழைக்கு அடுத்த நாள் வெடிப்பில் தண்ணீர் கசியும். கடப்பாரையால் தட்டினால் நல்ல பாறை 'கணீர்' என்று சொல்லும். பிடிப்பு விட்டுப்போன பாறை 'டொக்' என்று சொல்லும். மேலே தரையில் புதுக் கீறல் தெரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதெல்லாம் அவர்கள் கையும் காதும் சேர்த்து வைத்த படிப்பு. ஆபத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை என்று நினைக்கிறோம். கண்டுபிடித்தவர் அங்கேயே நிற்கிறார்.

நம் ஊர்ப் பனையேறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் பேர் ஏறுகிறார்கள். காலில் மாட்டும் தளைநாரை மரத்தடியில் நின்று இழுத்துப் பார்க்காமல் ஏறுகிற பனையேறி கிடையாது. எந்த ஆய்வாளரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நார் இற்றுப்போயிருந்தால் அன்றைக்கு ஏற மாட்டார். அவர் உயிர், அவர் நார், அவர் முடிவு. இருந்தும் பனையிலிருந்து விழுந்தவர்கள் உண்டு, தொழில் அப்படி. ஆனால் நாரைச் சோதிக்கிற கையும் ஏறுகிற காலும் ஒரே ஆளுடையது.

குவாரியில் அப்படி இல்லை. நார் ஒருவர் கையில், கால் இன்னொருவருடையது. 'டொக்' என்று கேட்டவர் தினக்கூலிக்காரர். படி வெட்டலாமா, நேராக வெட்டலாமா என்று முடிவு செய்பவர் வேறெங்கோ இருக்கிறார். குத்தகை கொடுப்பது மாநில அரசின் கனிமவளத் துறை. பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். அதன் தலைமையகம் ஜார்க்கண்ட் மாநிலத்துத் தன்பாதில். அலுவலகம் இரண்டு என்றால் கோப்பும் இரண்டு. நடுவில் நிற்கிறவர் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் பெயர் கோப்பில் ஏறுவது நிவாரணத் தொகை வழங்கும்போதுதான்.

குவாரியோடு நின்றுபோகிற விஷயம் இல்லை இது. கூரைக்குக் கீழே, மின்விசிறிக்கு அடியில் வேலை பார்த்த எங்களுக்கும் இதே கதைதான். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. துறையும் ஊரும் வேண்டாம். பதிவறையில் கூரை வரைக்கும் இரும்பு ராக்குகள், அதில் கட்டுக் கட்டாகப் பழைய கோப்புகள். ஒரு ராக் சாய்ந்து நின்றது. அடிக்கால் துருப்பிடித்துப் போயிருந்தது. கட்டு எடுத்துக் கொடுக்கிற அலுவலக உதவியாளர் முதலில் வாயால் சொன்னார்: "சார்வாள், இது ஒருநாள் யாரு தலையிலயாவது விழத்தான் போகுது." பிறகு எழுத்து மூலமாகவும் குறிப்பு போனது. "நிதி ஒதுக்கீடு பெறப்பட்ட பின் பரிசீலிக்கப்படும்" என்று திரும்பி வந்தது. அவர் தன் செலவில் தேங்காய்க் கயிறு வாங்கி ராக்கை ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்தார். அப்புறம் அவர் மாறுதலில் போய்விட்டார். வந்தவருக்குக் கயிற்றின் கதை தெரியாது. ஒரு மத்தியானம் கட்டை இழுத்தார், ராக் வந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை.

மேலே போன அறிக்கையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமா? "எதிர்பாராத விதமாக." எதிர்பார்த்து எழுதிய குறிப்பு தேதியோடு அதே பதிவறையில், சரிந்து கிடந்த கட்டுகளுக்கு நடுவில்தான் எங்கேயோ இருந்தது.

பெரிய விபத்துகளிலும் இதைப் பார்க்கலாம். போபால் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவில் நடந்தது. அந்த ஊர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அந்தத் தொழிற்சாலையால் ஊருக்கு ஆபத்து என்று 1982லேயே எழுதினார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப எழுதினார். இரண்டு வருடம் கழித்து உலகமே அந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டது.

இங்கே கொஞ்சம் பிரான்சுக்குப் போய்விட்டு வரலாம். வழக்கமாக வாசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். வடக்குப் பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிப் பள்ளியில் படித்ததோடு விட்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, மொழி துருப்பிடிக்காமல் இருக்கட்டுமே என்று பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் மனதில் நின்றுபோன ஒன்று.

1890 ஜூலை 8ஆம் தேதி பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 'தெலெகே மினர்' என்று பெயர், சுரங்கப் பிரதிநிதி என்று சொல்லலாம். அவர் குறிப்பிட்ட நாட்களில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்வையிட்டு, கண்ட குறையை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பார். பார்வையிடும் நாளுக்குச் சம்பளமும் உண்டு. 130 வருடத்துக்கு முன்னால்! ஆபத்தை முதலில் அறிகிறவன் அடியில் நிற்பவன்தான் என்பதை அவர்கள் அன்றைக்கே சட்டமாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் அது மட்டும் போதவில்லை. 1906 மார்ச் மாதம், கூரியேர் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் தீ பிடித்திருப்பது தெரிய வந்தது. அங்கே பிரதிநிதியாக இருந்த பியேர் சிமோன் தீ அணையும் வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சொன்னார். நிர்வாகம் தீ இருந்த பகுதியை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. மார்ச் 10 காலை கரித்தூசி வெடித்தது. 1,099 பேர் இறந்தார்கள். இருபது நாள் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, இருட்டில் தடவித் தடவிப் பதின்மூன்று பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய சுரங்க விபத்து அது. அதையும் எதிர்பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பதவி இருந்தது, பதிவேடு இருந்தது. வேலையை நிறுத்தும் அதிகாரம் மட்டும் இல்லை.

அந்த மிச்சத்தைச் சட்டத்தில் சேர்க்கப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னும் 76 வருடம் பிடித்தது. 1982 டிசம்பர் 23ஆம் தேதிச் சட்டத்தில் 'துருவா து ரெத்ரே' என்று ஓர் உரிமை வந்தது. விலகிக்கொள்ளும் உரிமை என்று பொருள். உயிருக்கோ உடம்புக்கோ உடனடியான பெரிய ஆபத்து இருக்கிறது என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால், தொழிலாளி முதலாளிக்குச் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது, ஆபத்து நீங்காமல் திரும்பி வரச் சொல்லக் கூடாது. பிரான்சில் விபத்தே கிடையாது என்று சொல்லவில்லை. அங்கேயும் கட்டடத்திலிருந்து ஆள் விழத்தான் செய்கிறான். ஆனால் 'டொக்' என்று கேட்டவனுக்கு எழுந்து போக அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழில் நடக்கும் தொழிற்சாலையில் உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி கருதினால், நிர்வாகத்துக்கும் அதே சமயத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று அது சொன்னது. நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். அப்படி ஆபத்து இல்லை என்று நிர்வாகம் நினைத்தால் ஆய்வாளர் முடிவு சொல்ல வேண்டும். நல்ல பிரிவாகத்தான் இருந்தது. பழைய சட்டங்கள் பதின்மூன்றை ஒன்றாக்கி 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தத் 'தெரிவிக்கும்' உரிமை இருக்கிறது. ஆனால் தெரிவிக்கலாம் என்று எழுதிய கை, விலகலாம் என்று எழுதவில்லை. ஆய்வாளர் வரும் வரைக்கும் அந்த ஆள் பாறைக்கு அடியில் நிற்பதா, தள்ளி நிற்பதா?

சுரங்கங்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களைப் போல ஒரு ஏற்பாடு நம்மிடம் உண்டு. 1955ஆம் வருடத்துச் சுரங்க விதிகளில் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. எங்கே? 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் சுரங்கத்தில். பாதுகாப்புக் குழு வேண்டுமென்றால் நூறு பேராவது வேண்டும். நம் மாவட்டத்துக் குவாரி எதையாவது போய்ப் பாருங்கள். இரண்டு பொக்லைன், நாலைந்து லாரி, விரல் விட்டு எண்ணும் ஆட்கள். நெய்வேலியையும் தன்பாதையும் நினைத்து எழுதின விதி, அடைமிதிப்பான்குளத்து ஆறு பேருக்கு எட்டவே எட்டாது.

உடனே ஒருவர் கேட்பார்: "அண்ணாச்சி, நீங்க சட்டம் பேசுறீங்க. நம்ம ஆளுக ஹெல்மெட்டே போட மாட்டேங்கானுவளே?" நியாயமான கேள்விதான். சித்திரை வெயிலில், சூட்டைக் கக்குகிற பாறைக்கு நடுவே பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்பது முதல் பதில். இரண்டாவது பதில், லாரி அளவுப் பாறையை எந்தத் தொப்பியும் தாங்காது. ஆபத்தைச் சமாளிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை அகற்றப் பார். முடியாவிட்டால் தடுப்புப் போடு. அதுவும் முடியாவிட்டால் ஆளை ஆபத்தின் பாதையிலிருந்து ஒதுக்கு. இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் தொப்பியும் கையுறையும். நாம் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். படி வெட்டுவதற்குப் பணம் வேண்டும், தொப்பி மலிவு. விபத்து நடந்துவிட்டால், தொப்பி போடவில்லை என்று இறந்தவன் மேலேயே பழியையும் போட்டுவிடலாம்.

இன்னொருவர் சொல்வார், எழுந்து போகும் உரிமையைக் கொடுத்தால் வேலைக் கள்ளர்கள் பெருகிவிடுவார்கள் என்று. வேலைக் கள்ளர்களை நானும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் புதிதாகச் சட்டம் தேவைப்படவில்லை. தினக்கூலிக்காரர் அன்றைய கூலியை விட்டுவிட்டு எழுந்து போகிறார் என்றால் அவருக்கு உண்மையாகவே பயம் வந்திருக்கிறது என்றுதான் பொருள். பயம் சரியா என்று பார்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும். நான்கு உயிரோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம் பெரிய நஷ்டம் அல்ல.

வேலை செய்கிறவர்களைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நின்று நின்று கால் வீங்கி, நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துப் போகும். அதை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அது வேண்டும் என்று எந்த வல்லுநர் குழுவும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கால் வலித்தவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் எத்தனை கடையில் அந்த நாற்காலி இருக்கிறது, இருந்தாலும் உட்கார விடுகிறார்களா என்பதைத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளியும் கடையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இவ்வளவு பாடு. கதவே இல்லாத தொழிற்சாலை ஒன்று தாமிரபரணிக் கரையெல்லாம் இருக்கிறது. பீடியைத்தான் சொல்கிறேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குனிந்த தலை நிமிராமல் இருப்பதால் கழுத்தும் இடுப்பும் போகும். புகையிலைத் தூள் மூச்சில் போகும். அதிலுள்ள நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். அதே அறையில் சமையல், அதே அறையில் தொட்டில். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966லேயே தனிச் சட்டம் வந்தது. காற்றோட்டம் வேண்டும், கூட்டம் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது, அவையெல்லாம் தொழிற்கூடத்துக்கு. வேலையோ வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் ஆய்வாளர் வருவாரா? 1976ஆம் வருடச் சட்டத்தின்படி பீடிக்குத் தீர்வை வசூலித்து அதிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்புதவி என்று நடந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையும் எடுபட்டது.

இங்கே "எதிர்பாராத விதமாக" என்ற சொற்றொடருக்குக்கூட வேலை இல்லை. முப்பது வருடம் சுற்றினால் இருமல் வரும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம். எதிர்பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். பாறை விழுந்தால் நான்கு நாள் பேசுகிறோம்; தூள் விழுந்தால் பேசுவதில்லை. தூளும் ஆபத்துதான், மெதுவாக விழுகிற பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் சட்டத்தின் விதிக்கும் வரும், தலைவிதிக்கும் வரும். பிரெஞ்சில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள். நம் ஊரில் முதல் விதி தூங்கும்போது இரண்டாவது விதியின்மேல் பழியைப் போடுவது சுலபமாகிவிடுகிறது. இழவு வீட்டில் ஆறுதலுக்கு "எல்லாம் விதி" என்று சொல்வதை நான் குறை சொல்லவில்லை. அங்கே வேறென்ன சொல்வது? ஆனால் அரசாங்கக் கோப்பு இழவு வீடு அல்ல. அங்கே எந்த விதி, எத்தனையாம் பிரிவு, யார் பார்த்தார்கள், எந்தத் தேதி என்றுதான் எழுத வேண்டும்.

விமர்சனம் மட்டும் செய்துவிட்டு எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை. என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று. பத்து பேர் வேலை செய்யும் இடமானாலும் வாசலில் பக்க எண் போட்ட ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கண்ட ஆபத்தைத் தொழிலாளி எழுதலாம்; எழுதத் தெரியாதவர் சொல்லி எழுதவைக்கலாம். ஒரு நகல் ஊராட்சிக்குப் போக வேண்டும். பக்க எண் ஏன் என்று அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: தாளைக் கிழித்தால் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு. சின்னக் குவாரிகளைத் தாலுகா வாரியாகச் சேர்த்து, தொழிலாளர் தரப்பில் ஒருவரை ஆய்வுக்கு வைக்க வேண்டும். தனித்தனியாக எண்ணினால் எந்தக் குவாரியும் ஐந்நூறைத் தொடாது. சேர்த்து எண்ணத் தடை என்ன?

மூன்று. ஆய்வு அறிக்கை தமிழில் வாசலிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். அடைமிதிப்பான்குளத்துக்குப் பிறகு மாவட்டத்தின் மற்ற குவாரிகளையும் குழுக்கள் போட்டு ஆய்வு செய்தார்கள். நல்லது. சாவுக்கு முன்னால் வருகிற ஆய்வு அதைவிட நல்லது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குழியில் இறங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

நான்கு, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆபத்து என்று வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி போகக் கூடாது. இந்த ஒன்று இல்லாமல் மற்ற மூன்றும் வெறும் காகிதம். பசியோடு இருப்பவன் கையில் பேனாவைக் கொடுத்தால் அவன் எழுத மாட்டான்.

சட்டம் மாறும் வரை நாம் என்ன செய்வது என்று கேட்கலாம். நம் வயதில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் முதலாளிகள்தான். தென்னை மரத்துக்கு ஆள் கூப்பிடுகிறோம். மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் விடுகிறோம். செப்டிக் டேங்க் நிரம்பினால் ஆள் தேடுகிறோம். கடைசியில் சொன்னதில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளே தங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்ந்துவிடுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்துபோவது இப்படித்தான். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். "மேலாப்புல ஒரு ஆள் இறங்கிப் பார்த்தா போதும் சார்" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற வேலைகளுக்கு வருகிறவரிடம் தொடங்கும் முன் ஒரு கேள்வி: "இதுல எது ஆபத்துன்னு நினைக்கீங்க?" ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பார், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பார். கேட்ட பிறகு அதைச் செய்து கொடுங்கள்.

ஓய்வு பெற்ற எழுத்தர்களுக்கு மட்டும் இன்னொன்று. நமக்குத் தெரிந்த தொழில் மனு எழுதுவது. திங்கள்கிழமை தோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உங்கள் தெருவில் பாறை உடைக்கிறவர், பீடி சுற்றுகிறவர், கடையில் நிற்கிறவர் யாராவது இருப்பார்கள். ஒரு மாலை உட்கார்ந்து அவர்களிடம் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி, விதி எண்ணோடு, தேதியோடு, இரண்டு நகலாக எழுதிக் கொடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி அவர்கள் கையில் வைக்கச் சொல்லுங்கள். அந்த மனு நாளைக்கே பாறையைத் தாங்கிப் பிடிக்காது. ஆனால் அப்படி ஒரு தாள் கையில் இருக்கும் இடத்தில் "எதிர்பாராத விதமாக" என்று யாரும் எழுத முடியாது.